முன்பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்க ஒரு நாள் தாருங்கள்

கிழக்கு மாகாண சுகாதார, கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். மூதூர்ப் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். காலைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். சிலர் ரொட்டியை ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுவார்கள். சிலருக்கு மேல் முன்பற்கள் கபில நிறமாகி, கரைந்து, முரசோடு நிற்கும். கீழ் முன்பற்கள் வெள்ளையாகவே இருக்கும். சீனி போட்ட பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கிப் பழகிய பிள்ளையின் வாய் அப்படித்தான். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கும், மேற்பற்கள் இரவு முழுக்கப் பாலில் ஊறும். தூக்கத்தில் உமிழ்நீரும் குறைவு.

இதைத் தாய்மாரின் கவலையீனம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். பல வீடுகளில் தாய் வெளிநாட்டு வேலையில், பிள்ளை அம்மம்மாவிடம். அழுகையை நிறுத்த அவர் கைக்கு எட்டுவது இனிப்புப் பிஸ்கட்தான். இனிப்பு வாய்க்குள் போகும் ஒவ்வொரு தடவையும் கிருமிகள் அதை அமிலமாக்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணித்தியாலம் போல ஆகும். நாள் முழுக்கக் கொறிக்கும் பிள்ளையின் பல்லுக்கு அந்த ஓய்வே கிடைப்பதில்லை. அந்த அம்மம்மாவும் தப்பவில்லை. நீரிழிவும் சில பிரஷர் குளிசைகளும் வாயை உலர்த்தும், உலர்ந்த வாயில் பல் கெதியில் சூத்தையாகும்.

"விழுகிற பல்லுத்தானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாற்கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை நிற்க வேண்டியவை. முந்திப் பிடுங்கினால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் இருக்காது. ஆனால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து பல் காட்டப் போனால் கூலி வேலை செய்பவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். வலி தாங்க முடியாத கட்டத்தில்தான் வருவார்கள். அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழி?

9 மாதத்திலும் 18 மாதத்திலும் 3 வயதிலும் தடுப்பூசிக்குப் பிள்ளை எப்படியும் கிளினிக்குக்கு வருகிறது. அப்போதே மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முரசோரம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக்கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். பல்லை உறுதியாக்கும் புளோரைட்டுப் பூச்சால் அந்த நிலையிலேயே நிறுத்தலாம். வீட்டில் பிள்ளைக்கு எந்தப் பற்பசை என்றும் கேளுங்கள். 1000 பிபிஎம்முக்குக் (பத்து இலட்சத்தில் 1000 பங்கு) குறையாத புளோரைட்டு வேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களை முன்பள்ளிகளுக்கும் அனுப்புங்கள், 6 வயது மிகவும் பிந்தியது. சிற்றுண்டிச்சாலை விதிகள் பாடசாலை வாசலில் விற்கும் இனிப்புப் பானங்களையும் தொட வேண்டும். ஒருநாள் உணவுச் சக்தியில் சேர்த்த சீனி 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது.

எங்கள் முன்பள்ளியில் வெளிச்சமான விறாந்தையும் மேசையும் உண்டு. சனி, ஞாயிறு என்றாலும் சரி, பெற்றோரைக் கூட்டுவது எங்கள் பொறுப்பு. எந்த நாள் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

நன்றியுடன்,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை மாவட்டம்