விக்ஸ்பர்க்குக்கு ஒரே வரிதானா?

ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் கெட்டிஸ்பர்க் சண்டைக்கு முக்கால் பக்கம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் தென்தரப்பின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க்குக்கு ஒரே வரி. சரி, இட நெருக்கடி இருந்திருக்கும். ஆனாலும் 1863 ஏப்ரலில் அதைப் பிடிக்க வடதரப்புத் தளபதி கிராண்ட் செய்த ஏற்பாட்டை விட்டிருக்க வேண்டாம். வடதரப்புக் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் இருட்டில் விக்ஸ்பர்க் பீரங்கிகளைத் தாண்டித் தெற்கே போயின. காலாட்படை மேற்குக் கரையில் சேற்றில் நடந்தே போய்ச் சேர்ந்தது. அதே நாட்களில் கிரியர்சனின் 1,700 குதிரை வீரர்கள் மிசிசிப்பி மாநிலத்துக்குள் புகுந்து தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். விக்ஸ்பர்க்குக்கு வடக்கே, கிராண்டின் கீழிருந்த தளபதி ஷெர்மன் தாக்கப் போவதாகப் போக்குக் காட்டினார். எந்தப் பக்கம் திரும்புவது என்று எதிரித் தளபதி பெம்பர்ட்டன் திணற, ஏப்ரல் 30 அன்று கிராண்ட் புரூயின்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடந்துவிட்டார். தடுக்க ஆளே இல்லை! அப்புறம், விக்ஸ்பர்க் சரணடைந்தது ஜூலை 4 அன்று, கெட்டிஸ்பர்க் சண்டை ஓய்ந்த மறுநாள்.

வாசகர், தஞ்சாவூர்