நீர்க்கறை நீக்கும் திரவத்தால் கார் கண்ணாடி அரிக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடகைக் கார் உரிமையாளர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கார் பராமரிப்புப் பொருள்கள் தயாரிக்கும் நிறுவனம்.

பொருள்: தங்கள் நீர்க்கறை நீக்கியால் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 500 மி.லி. நீர்க்கறை நீக்கியைப் புட்டியில் அச்சிட்டிருந்த முறைப்படியே பயன்படுத்தியும், என் காரின் முன் கண்ணாடியும் ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடியும் பால் தடவினாற்போல மங்கிவிட்டன. தொலைபேசியில் முறையிட்டபோது, நான் அழுத்தித் தேய்த்ததே காரணம் என்று தங்கள் அலுவலர் பேச்சை முடித்துவிட்டார். அது உண்மையல்ல என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நவபாஷாணக் கோயிலுக்கும் இராமேசுவரத்துக்கும் வரும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வது என் தொழில். பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடிச் சாலையிலும் கடற்காற்று கொண்டுவரும் உப்பு கண்ணாடியில் பூத்துவிடும் என்றாலும், ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் அது கரைந்துபோகும். உண்மையான தொல்லை கழுவும் தண்ணீரில்தான் இருக்கிறது. எங்களுக்கு வரும் காவிரிக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருப்பதால், காரை ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் கழுவ வேண்டியிருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிநீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 600 மி.கி. வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது; சோதித்துப் பார்த்ததில் எங்கள் கிணற்று நீரில் அது 900 மி.கி.யைத் தாண்டியிருந்தது. அந்த ஈரம் வெயிலில் காயும்போது, நீரில் கரைந்திருந்த கால்சியம், கார்பனேட்டாக மாறி வெள்ளைப் பொட்டுகளாகக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. புதிய கறையாக இருந்தால், வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்தாலே கரைந்துவிடும். பல ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்து வந்தேன். கோடை முழுவதும் இறுகிப்போன கறை வினிகருக்கு மசியாததால், ‘எல்லா வகைக் கண்ணாடிக்கும் பாதுகாப்பானது’ என்ற தங்கள் வாசகத்தை நம்பி 650 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன்.

காலை 6 மணிக்கு, வேப்பமர நிழலில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போதே தெளித்து, குறிப்பிட்டிருந்த 10 நிமிடம் விட்டு, மென்மையான துணியால் துடைத்து நீர் விட்டுக் கழுவினோம். ஈரம் இருந்தவரை கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. காய்ந்த பிறகுதான் மங்கல் வெளிப்பட்டது. தேய்த்ததால் வந்த கீறலாக இருந்தால் துணி போன போக்கில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இங்கே திரவம் வழிந்து இறங்கிய தடத்திலேயே, ஒவ்வொரு துளியும் நின்ற இடத்திலேயே மங்கல் பதிந்திருக்கிறது. துணியே படாத வைப்பர் அடியிலும் அதே தடம் உள்ளது. ஐயம் தீர, ஒரு பழைய கண்ணாடித் தம்ளரில் ஒரு பக்கம் வினிகரையும் மறுபக்கம் தங்கள் திரவத்தையும் விட்டு 10 நிமிடம் வைத்தேன். வினிகர் பட்ட இடம் தெளிவாகவே இருந்தது, தங்கள் திரவம் பட்ட இடம் மட்டும் சொரசொரத்துவிட்டது.

சாதாரண அமிலங்கள் கண்ணாடியை இவ்வளவு விரைவில் அரிப்பதில்லை; அரிக்கக்கூடியவை ஃபுளோரைடு வகை அமிலங்கள். தங்கள் திரவத்தில் அது இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். கண்ணாடியைவிட எனக்குப் பெரும் கவலை தருவது இதுவே. அன்று வெறுங்கையால் துடைத்த என் தம்பிக்கு மாலையில் விரல் நுனிகள் எரியத் தொடங்கின. என்ன அமிலம் என்று மருத்துவர் கேட்டபோது, புட்டியை எவ்வளவு திருப்பிப் பார்த்தும் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ஃபுளோரைடு அமிலம் தோலுக்குள் இறங்கி, வலி தாமதமாகத் தெரியும் தன்மை கொண்டது. அதற்குரிய சிகிச்சையும் தனி. கையுறை அணியுங்கள் என்ற ஒரு வரிகூட அச்சிடாமல் அத்தகைய பொருளை விற்றிருந்தால், அதை என்னால் சிறு தவறாகக் கருத இயலவில்லை. என் தம்பி இப்போது நலமாக இருக்கிறான்.

அக்னி தீர்த்தத்தில் விடியற்காலை நீராட விரும்பும் குடும்பங்களை நான் இருட்டிலேயே அழைத்துச் செல்ல வேண்டும். எதிரே வரும் வண்டியின் விளக்கொளி இந்தக் கண்ணாடியில் சிதறி, சில நொடிகள் பாலத்தின் ஓரமே தெரிவதில்லை. ஆகவே அதிகாலைப் பயணங்களை நிறுத்திவிட்டேன். பாலிஷ் செய்து இதை எடுக்க முயன்றால் பார்வை நெளியும் என்று இராமநாதபுரத்தில் கண்ணாடி பொருத்துபவர் கூறுகிறார். இரண்டையும் மாற்ற அவர் தந்த மதிப்பீடு 12,000 ரூபாய்.

அத்தொகையையும் புட்டியின் விலையையும் தாங்கள் வழங்க வேண்டும். திரவத்தில் உள்ள பொருள்களின் பெயர்களை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கடைகளில் உள்ள புட்டிகளில் கையுறை, முதலுதவி பற்றிய எச்சரிக்கையைத் தமிழிலும் சேர்க்க வேண்டும். போதிய எச்சரிக்கை இல்லாமல் விற்ற பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீது நகல், புகைப்படங்கள், மதிப்பீடு ஆகியவற்றை இணைத்துள்ளேன். மீதமுள்ள திரவத்தை ஆய்வகச் சோதனைக்காகப் புட்டியோடு மூடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.