நானோ பாட்டில் யாருக்கு ஊற்றுவோம், யாருக்கு ஊற்ற மாட்டோம்

ரங்கூன்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இஞ்சின் ஆயில் மாற்ற வருகிறவர்களில் பலர் இப்போது "நானோ ஒரு பாட்டில் சேர்த்து ஊத்திடுங்க" என்கிறீர்கள். தேய்மானத்தைக் குறைக்க ஆயிலோடு சேர்க்கும் நுண்தூள் கலவைதான் இந்த நானோ. சரக்கு கையில் இருக்கிறது. ஆனால் கேட்ட எல்லாருக்கும் கொடுப்பதில்லை. காரணத்தைக் கல்லாவில் நின்றபடி சொல்லி முடியாது என்பதால் இந்த மடல்.

பாட்டிலில் இருப்பது தூள்தான். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்றால் கருப்பு, போரான் நைட்ரைடு என்றால் வெள்ளை. ஏறக்குறைய 50 முதல் 200 நானோமீட்டர் வரை நுணுக்கி ஆயிலில் கலந்திருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70,000 நானோமீட்டர். ஆகையால் ஃபில்டரில் இந்தத் தூள் சிக்காது. கவுளியில் அடுக்கிய வெற்றிலை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைப் போல இதன் அடுக்குகள் வழுக்கும். இரும்பின் மேட்டில் ஒட்டி மெல்லிய படலமாகும், பள்ளத்தில் நிரம்பும்.

இது வேலை செய்வது இரும்பு இரும்பைத் தொடும் இடத்தில் மட்டும். வேகம் பிடித்த கிராங்க் ஷாஃப்ட் (இஞ்சினின் முக்கியத் தண்டு), பேரிங்கில் ஆயில் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. அங்கே தூளுக்கு வேலை இல்லை. வால்வைத் திறக்க கேம் முனை டேப்பெட்டை அழுத்தும் இடம், பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் நொடியில் ரிங்கும் லைனரும், ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகள், இங்கெல்லாம் ஆயில் படலம் கிழியும். கரண்ட் போய்ப் போய் வருவதால் நாளுக்கு ஐந்தாறு முறை ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டருக்குப் பலன் உண்டு என்று நாங்கள் சொல்வது அதனால்தான். மாண்டலே சாலையில் நிற்காமல் ஓடும் லாரிக்கு அந்த அளவு கிடைக்காது.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். நல்ல இஞ்சின் ஆயிலில் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்ந்த தேய்மானத் தடுப்பு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் இரும்பின் மேல் படலம் கட்டுகிறது. தூளும் உள்ளே போனால் அதே இடத்துக்குப் போட்டி போடும். எஃகு குண்டுகளை ஆயிலில் உரசிப் பார்க்கும் நான்கு குண்டுச் சோதனையில் (40 கிலோ பாரம், நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 டிகிரி, ஒரு மணி நேரம்) குண்டில் தேய்ந்த வடுவின் விட்டத்தை அளப்பார்கள். மருந்து சேராத வெறும் ஆயிலில் தூளைப் போட்டால் வடு நன்றாகச் சிறுக்கும். முழு மருந்துள்ள ஆயிலில் வித்தியாசம் பல சமயம் கொஞ்சம்தான். தேய்மானம் குறையும் என்று லேபிளில் பெரிய சதவீதம் போட்டிருந்தால், எந்த ஆயிலில் கலந்து சோதித்தீர்கள் என்று கேளுங்கள். மேசை மேல் குட்டி இயந்திரம் வைத்து பேரிங்கை உரசிக் காட்டுவதை நம்பாதீர்கள். குளோரின் கலந்த பாரஃபின் அதில் சுலபமாக ஜெயிக்கும். அதையே இஞ்சினில் ஊற்றினால் சூட்டில் அமிலம் விட்டுப் பேரிங்கை அரிக்கும்.

அடுத்தது அளவு. பெரும்பாலும் இங்கேதான் தப்பு நடக்கிறது. 5 சதவீதத் தூள் உள்ள 200 மில்லி பாட்டில், 4 லிட்டர் ஆயிலில் சேர்ந்தால் கால் சதவீதம். இது போதும். அதே பாட்டிலை 0.6 லிட்டர் பிடிக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் முழுதாகக் கவிழ்த்தால் 1.7 சதவீதம் ஆகிவிடும். அதற்கு 30 மில்லிதான் கணக்கு. கூடினால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகும். கட்டியின் குறுக்களவு பத்து மடங்கானால் அடியில் இறங்கும் வேகம் நூறு மடங்கு. அப்புறம் அது வழுக்கும் தூளாக இருக்காது, ஆயில் துவாரத்தை அடைக்கும் மண்டிதான்.

ஊற்றும் முன் பார்க்க எளிய வழி உண்டு. பாட்டிலை வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கவிழ்த்தால் அடியில் திட்டாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு துளியை வெள்ளை ஃபில்டர் பேப்பரில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். கருப்புத் தூள் விளிம்பு வரை சமமாகப் பரவியிருந்தால் நல்லது. நடுவில் கருப்புப் பொட்டு, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் என்று நின்றால் கட்டியாகிவிட்டது. அந்தப் பாட்டில் வேண்டாம். வெள்ளைத் தூளுக்கு இந்தச் சோதனை தெளிவாகத் தெரியாது.

ஊற்றும்போது இஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். புது ஆயிலில் முக்கால் பங்கு போகட்டும். நானோவை மீதி ஆயிலில் கொஞ்சம் எடுத்துக் கலக்கி, பிறகு சேருங்கள். மீதியை டிப்ஸ்டிக் (அளவுக் குச்சி) பார்த்து நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் நுரைக்கும். பத்து நிமிடம் சும்மா ஓட்டி, அரை மணி நேரம் லோடு கொடுங்கள். ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆயில் மூடியின் உட்புறம் மோர் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர். மழைக்காலத்தில் குறைந்த நேரமே ஓடும் ஜெனரேட்டரில் இது சகஜம். தண்ணீர் பட்டால் தூளைப் பிரித்து வைத்திருக்கும் மருந்து கைவிட்டுவிடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புது இஞ்சினுக்கு முதல் 1,000 கிலோமீட்டர் ஊற்ற மாட்டோம், ரிங் உட்காரக் கொஞ்சம் உராய்வு வேண்டும். பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர், ஆட்டோமேட்டிக் கியர் இரண்டுக்கும் கூடவே கூடாது. தடை காரணமாக ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடாவிட்டாலும் பெகு, மோல்மேன் வாடிக்கையாளர்கள் கவனிக்கவும்: தூள் சேர்ந்தால் ஆயிலில் நனையும் கிளச் வழுக்கும், அந்தக் கிளச்சுக்கான ஜப்பான் தரக்குறி ஜாசோ எம்ஏ (JASO MA) இட்ட ஆயில் மட்டும் போதும். நெல் ஆலையில் வெண்கலச் சக்கரம் உள்ள வோர்ம் கியர் பெட்டிக்கும் நாங்கள் கொடுப்பதில்லை. மெதுவாக, பாரத்தோடு அசையும் செயின், பின், புஷ் ஆகியவற்றுக்கு 3 சதவீத மாலிப்டினம் கிரீஸே மலிவு, பலனும் அதிகம்.

புகை தள்ளும் பழைய இஞ்சினுக்கு இது மருந்தல்ல. ஊற்றிவிட்டோம் என்று ஆயில் மாற்றும் நாளையும் தள்ளாதீர்கள். ஆயிலில் டீசல் கரியைத் தாங்கும் மருந்து தூளால் அதிகமாகாது. சின்ன ஜெனரேட்டருக்கு 100 மணி நேரம் என்றால் 100 மணி நேரம்தான்.

வேறு இடத்தில் வாங்கிய பாட்டில் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். பேப்பரில் துளி விட்டுப் பார்த்துச் சொல்கிறோம், இதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
கடையினர்