ராட் டெடோவின் நினைவுக்கும் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கங்களில் வீரர்களுக்குக் கிடைக்கும் இடம் அவர்களை உருவாக்கிய பயிற்சியாளர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நெடுநாளாக விரும்பும் வாசகன் நான். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியை 1942 முதல் 1986 வரை வழிநடத்திய ராட் டெடோ, 11 தேசியப் பட்டங்களை வென்றவர்; அவற்றில் 5 பட்டங்கள் 1970 முதல் 1974 வரை தொடர்ச்சியாக வந்தவை. தொழில்முறை ஆட்டக்காரராக 1935இல் புரூக்ளின் அணிக்கு அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். லாரித் தொழிலில் பிழைப்பை அமைத்துக்கொண்டு, பயிற்சிக்கு ஆண்டுக்கு 1 டாலர் என்ற பெயரளவு ஊதியமே பெற்றார் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

1973இல், கல்லூரி பேஸ்பாலின் தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் கல்லூரி உலகத் தொடரில் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தை மறக்க முடியாது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டேவ் வின்ஃபீல்டின் பந்துவீச்சில் திணறி, 0-7 என்ற நிலையில் கடைசி இன்னிங்ஸுக்கு வந்த டெடோவின் அணி, அந்த ஒரே இன்னிங்ஸில் 8 ஓட்டங்கள் எடுத்து வென்றது. பின்னாளில் தொழில்முறை பேஸ்பாலில் புகழ்பெற்ற டாம் சீவர், ராண்டி ஜான்சன், மார்க் மெக்வயர் ஆகியோர் டெடோவிடம் பயின்றவர்களே. 2006 ஜனவரியில் தமது 91ஆம் வயதில் மறைந்த அவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு முழுக் கட்டுரை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்