மாசாமாசம் எதற்குக் காசு? மஸ்கட் நண்பனுக்கு ஒரு கடிதம்

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்கா,

சுகம்தானே? மைனியும் பிள்ளைகளும் நல்லா இருக்கிறார்களா? மகன் கேட்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மாசாமாசம் எதற்குக் காசு என்று கேட்டு போன வாரம் நீ அனுப்பின மெயிலை இரண்டு தடவை வாசித்தேன். உடனே பதில் போடாததற்கு மழைதான் காரணம். நாலு நாளாக விடாமல் ஊற்றியது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால், கடைக்கு ரிப்பேருக்கு வந்த சிஸ்டம் ஒன்றையும் தொட முடியவில்லை. இன்றைக்குத்தான் வெயில் முகம் தெரிகிறது.

முதலில் உன் வீட்டு விஷயம். வெள்ளிக்கிழமை மத்தியானம் திருவட்டாறு போனேன். பின்பக்கம் தென்னை மடல் விழுந்து நாலு ஓடு உடைந்திருந்தது. ஆள் பிடித்து மாற்றிவிட்டேன், கணக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்கா, கிணற்றில் விழுந்த இலையை எல்லாம் கோரி எடுத்து, ஜன்னலைத் திறந்துபோட்டு, அறை அறையாகக் காற்றாட விட்டிருந்தார்கள். அடுக்களைக் கதவு நிலையில் விரல் அகலத்துக்குக் கறையான் மண் ஏறியிருந்ததாம். சுரண்டி எடுத்து மண்ணெண்ணெய் தடவியிருக்கிறார்கள். "ரெண்டு மாசம் ஆளு வராம கிடந்திருந்தா நிலையே போயிருக்கும்" என்றார்கள். நானும் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் மரம் உள்ளே போகிறது. மட்டி வாழைக்குலை ஒன்று பழுத்திருந்தது, பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வது நீ கேட்ட கேள்விக்காகத்தான். அந்த வீட்டை முழுக் காசும் போட்டுக் கட்டினவன் நீ. பத்திரம் உன் பேரில் இருக்கிறது. அப்படியும் மாசாமாசம் அக்காவுக்குப் பணம் அனுப்புகிறாய், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. உன் மூத்தவன் கேட்கிற மாதச் சந்தாவும் ஏறக்குறைய அந்த வகைதான்.

"கேமையும் விலை கொடுத்து வாங்கணுமாம், அப்புறம் மாசாமாசமும் கட்டணுமாம், பகல் கொள்ளையாக இருக்கிறதே" என்று எழுதியிருந்தாய். கோபம் நியாயமானதுதான். நாம் விளையாடின காலத்தில் இப்படி ஒன்று கிடையாது. நான் பிரவுசிங் சென்டர் நடத்தினபோது எட்டு சிஸ்டத்தை ஒரே கேபிளில் கோர்த்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுவோமே, நினைவிருக்கிறதா? முதல் சிஸ்டத்தில்தான் ஆட்டத்தைத் திறப்போம், மற்ற ஏழும் அதில் போய்ச் சேரும். ஒருநாள் ராத்திரி, இன்னும் கால்மணி நேரம் கிடைத்திருந்தால் என் கோட்டையை நீ இடித்து முடித்திருப்பாய். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீ திட்டின திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உன் படை, என் கோட்டை, இரண்டு மணி நேரப் பாடு, எல்லாம் அந்த முதல் சிஸ்டத்தோடு அணைந்துபோனது. மறுநாள் புது ஆட்டம், புது வரைபடம். அதற்கு யாரும் மாதக் காசு கேட்கவில்லை, ஏனென்றால் யாரும் எதையும் நமக்காகக் காத்து வைத்திருக்கவில்லை.

உன் மகன் கேட்கிற ஃபைனல் ஃபேன்டஸி 14 போன்ற ஆன்லைன் ஆட்டங்களில் அந்த முதல் சிஸ்டம் அணையவே கூடாது. அவன் தூங்கும்போதும், பள்ளிக்கூடம் போகும்போதும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் சேர்த்து வைத்த பொருள், கட்டின வீடு, கூட்டுக்காரர்கள் அனுப்பின கடிதம் ஒவ்வொன்றும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அவன் கம்ப்யூட்டர் "இந்தப் பட்டனை அமுக்கினான்" என்று மட்டும்தான் சொல்லும். அடி விழுந்ததா, பொருள் கிடைத்ததா என்பதைக் கம்பெனியில் ஓடும் அந்த முதல் சிஸ்டம், அதாவது சர்வர்தான் தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தை ஆடுகிறவன் கையில் விட்டால், முதல் நாளே ஒருவன் கள்ளக் கணக்கு எழுதிக் கோடீஸ்வரன் ஆகிவிடுவான். அதனால் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் ஈடு கொடுக்கும் சர்வர்கள், தகவலுக்கு நகல், பாதி ராத்திரியில் எது நின்றாலும் எழுந்து பார்க்க ஆள் எல்லாம் வேண்டும். கள்ளத்தனம் செய்கிறவனைப் பிடிக்க, புகார் கேட்க, தனியாக ஆள் வேண்டும். இதற்கெல்லாம் மேலே, சில மாதத்துக்கு ஒருமுறை புதுக் கதை, புது ஊர், புது எதிரி வேண்டும். ஓவியம் வரைகிறவர், பாட்டு போடுகிறவர், நிரல் எழுதுகிறவர் எல்லாருக்கும் மாதச் சம்பளம் போகிறது. விளையாட்டை விற்ற காசு ஒரே தடவை வந்து நின்றுவிடும், செலவு நிற்காது.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்தால் நல்லது. மாதச் சந்தா என்பது ஆரம்பத்தில் ஆடுகிறவனுக்குக் கிடைத்த ஆறுதல். அதற்கு முன்னால் மணிக்கணக்குத்தான், என் சென்டரில் சீட்டு எழுதி நேரம் குறித்தது மாதிரி. 1991இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவையில் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் ஆட்டத்துக்குத் தொடக்கத்தில் மணிக்கு 6 டாலர். ஒரு வாரம் மூழ்கிப்போனவன் வீட்டுக்குப் பெரிய பில் வரும். 1996இல் ‘மெரிடியன் 59’ என்ற ஆட்டம், மாதத்துக்கு ஒரே தொகை என்று வந்தது. 1997இல் அல்டிமா ஆன்லைன் மாதம் 9.95 டாலருக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் ஆடலாம் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 14.99 டாலரில் தொடங்கியது. அமெரிக்காவில் இன்றைக்கும் அதே விலைதான். இருபது வருஷத்தில் விலை ஏறாத சாமான் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உன் மகன் கேட்கிறதும் சாதாரண சந்தாவுக்கு அந்த 14.99 கணக்குத்தான். உன் காசில் ஆறு ரியாலுக்குக் கொஞ்சம் கீழே.

அவன் விரும்புகிற ஆட்டத்துக்கு ஒரு கதை உண்டு. ஸ்கொயர் எனிக்ஸ் என்ற ஜப்பான் கம்பெனி 2010 செப்டம்பர் 30 அன்று அதை வெளியிட்டது. ஆட்டம் படுமோசம். ஆடினவர்கள் எல்லாரும் குறை சொன்னார்கள். அந்த வருஷம் டிசம்பரில் நவோக்கி யோஷிடா என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சரியாகும்வரை காசு வேண்டாம் என்று, ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சந்தாவே வாங்காமல் ஓட்டினார்கள். ஒரு பக்கம் பழைய ஆட்டத்தைச் சரிசெய்துகொண்டே மறுபக்கம் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினார்கள். 2012 நவம்பரில் பழைய உலகத்தை மூடினபோது, சும்மா சுவிட்சை அணைக்கவில்லை. அந்த உலகத்து வானத்தில் தொங்கின ஒரு சிவப்பு நிலா மாதக்கணக்காக நெருங்கி வந்து, கடைசி நாளில் பிளந்தது, உள்ளிருந்து வந்த டிராகன் எல்லாவற்றையும் அழித்தது. 2013 ஆகஸ்ட் 27 அன்று புது உலகம் திறந்தது, கதை அந்த அழிவுக்குப் பிறகு தொடங்குகிறது. பழைய ஆட்களும் தங்கள் பாத்திரத்தோடு உள்ளே வந்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. விற்ற சரக்கு மோசம் என்று ஒத்துக்கொண்டு மறுபடி செய்து தருகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மாசாமாசம் கட்டுகிறவனுக்குக் கேட்கிற உரிமையும் உண்டு. 2021 டிசம்பரில் அதே ஆட்டத்தின் புதுப் பாகம் வந்தபோது கூட்டம் தாங்காமல், உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. முதலில் 7 நாள், பிறகு 14 நாள் என்று இலவசமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்கு மேலே, புதிதாக விற்பதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். கட்டினவனுக்கு இடம் இல்லாதபோது புது ஆளிடம் காசு வாங்க மாட்டோம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

சரி, இலவசமாக எத்தனையோ ஆட்டம் இருக்கிறதே, அதை ஆடட்டுமே என்கிறாய். மக்கா, இந்த இடத்தில் மட்டும் நான் உன்னோடு சேர மாட்டேன். என் தங்கச்சி மகன் போன வருஷம் போனில் ஒரு இலவச ஆட்டம் ஆடினான். பேர் வேண்டாம். முதலில் 89 ரூபாய், ஒரு சட்டைக்கு. அப்புறம் ஒரு பெட்டி, திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. நினைத்தது வரவில்லை என்றால் இன்னொரு பெட்டி. பாட்டியின் போனில் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். மூன்று மாதத்தில் பதினாலாயிரம் ரூபாய் போயிருந்தது. அம்மா மருந்துக்காக எடுத்து வைத்திருந்த காசு. பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தபோது அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் சின்னச் சின்னத் தொகை, பக்கம் முழுக்க. அந்தப் பையன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவனை அடிக்க எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் ஆசையை அளந்து அளந்து செய்த பெட்டி அது.

அங்கேயும் சர்வர் ஓட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்காவிட்டால், சிலரிடமிருந்து நிறையக் கறந்தாக வேண்டும். சந்தா கேட்கிற ஆட்டம் வாசலிலேயே விலையைச் சொல்லிவிடுகிறது. உள்ளே போனபின் மஸ்கட் முதலாளி மகனுக்கும் உன் மகனுக்கும் பெரும்பாலும் ஒரே நிலைதான். அங்கேயும் உடுப்பும் வாகனமும் தனியாக விற்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் கதை நிற்காது.

சந்தாவிலும் எனக்குப் பிடிக்காத சங்கதி உண்டு. மாதம் எண்ணிக் காசு வருவதால், ஆளை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கத்தான் கம்பெனிக்கு ஆசை. ஒரு மணி நேரத்தில் முடிகிறதை வாரத்துக்கு ஒருமுறை என்று பிரித்து வைப்பார்கள். இந்த ஆட்டத்தில் வீடு வாங்கினவன் 45 நாள் உள்ளே நுழையாவிட்டால் வீட்டை இடித்து, மனையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். இடம் குறைவு, வரிசையில் ஆள் நிற்கிறது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அப்படியும், பரீட்சைக்காக இரண்டு மாதம் ஒதுங்குகிற பிள்ளைக்கு அது வலிக்கும். அப்புறம், கம்பெனி ஒருநாள் மூடிவிட்டால் எட்டு வருஷம் கட்டினவனுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. இப்படித்தான் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ் என்ற ஆட்டம் 2011 டிசம்பர் 15 அன்றும், சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்றும் மூடப்பட்டன. கடைசி ராத்திரி ஆட்கள் ஓரிடத்தில் கூடி நின்றார்கள், திரை அணைந்தது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வதைக் கேள். இப்போதைக்கு எதையும் வாங்காதே. அந்த ஆட்டத்தில் 70ஆவது படி (லெவல்) வரை காசில்லாமல் ஆடலாம், இத்தனை நாளைக்குள் என்ற கெடுவும் இல்லை. மாதக்கணக்கில் ஆடுகிற அளவு கதை அதிலேயே இருக்கிறது. சந்தையில் வாங்கி விற்க முடியாது, சத்தம்போட்டு எல்லாரிடமும் பேச முடியாது. ஆட்டத்துக் காசை வெளியே நிஜக் காசுக்கு விற்கிறவர்கள் ஆயிரம் இலவசக் கணக்கு திறந்துவிடக் கூடாது என்பதற்கான வேலி அது. ஒருதடவை வாங்கிவிட்டால் அதே கணக்கில் மறுபடி இலவசத்துக்குத் திரும்ப முடியாது, அதை மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல். 70 தாண்டியும் ஆசை இருந்தால் மாதம் மாதமாகக் கட்டு. பல மாதத்துக்கு மொத்தமாக வேண்டாம், கார்டில் தானாகப் பிடிக்கவும் விடாதே. ஒவ்வொரு மாதமும் அவனே வந்து கேட்கட்டும். பரீட்சை மாதம் நிறுத்தட்டும்.

அவனோடு ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாரேன். அவன் சொல்கிற கூட்டுக்காரர்களில் ஒருவன் மதுரையில் இருக்கிறானாம், இன்னொருவன் கொழும்பில். ராத்திரி எட்டு மணிக்கு எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும், ஒருவன் வராவிட்டால் ஆட்டம் நடக்காது. நம் சென்டரிலும் எட்டு நாற்காலிதான் இருந்தது.

இங்கே மற்றபடி விசேஷம் இல்லை. மழையால் ரப்பர் வெட்டு நின்று போயிருக்கிறது, குலசேகரம் பக்கம் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா உன்னைக் கேட்டார்கள், கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? அதற்குள் அந்த அடுக்களை நிலையை மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆசாரி வந்து பார்த்தார். அயனி மரத்தில் செய்தால் நிற்கும், ஆனால் விலை கூடும் என்கிறார். செய்யச் சொல்லட்டுமா, நீ வந்து பார்த்தபிறகு போதுமா? இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுது.

உன் கூட்டுக்காரன்