கடலுக்குள் கண்ணாடி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். என் அம்மா 25 வருடமாகக் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். போன வாரம் ஒளியியல் பாடத்தில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, கண்ணுக்குள்ளேயே லென்ஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு எங்கம்மா கண்ணாடி போட்டு முங்குறாங்க?"

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது கண்ணின் முன்னால் ஒளி ஊடுருவும் உறையாக இருக்கும் கார்னியாதான். உள்ளே இருக்கும் லென்ஸ் மிச்சத்தைச் சரிசெய்து, விழித்திரையில் தலைகீழான சிறிய பிம்பத்தை விழவைக்கிறது. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளையும். இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவற்றுக்கு இடையே ஒளி அவ்வளவு வளையும். கார்னியாவின் எண் சுமார் 1.38, தண்ணீருக்கு 1.33; இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் தண்ணீருக்குள் கார்னியா ஏறக்குறைய வேலையே செய்யாது, எல்லாம் கலங்கித் தெரியும். (மீனுக்கு இதனால்தான் உருண்டை லென்ஸ்.) கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று நிற்கிறது, பார்வை தெளிகிறது. ஆனால் 4 முழத்தில் இருக்கும் பாறை 3 முழத்தில் இருப்பதுபோலத் தெரியும். "புதுசா முங்குறவங்க கை எட்டாம தடவுவாங்க" என்று அம்மா சொல்வது இதைத்தான்.

பாடத்தில் மெழுகுவர்த்தியும் குவிலென்சும் இருக்கட்டும். எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இந்தக் கண்ணாடியையும் வகுப்பில் எடுத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
பாம்பன்