எலி மருந்து அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். போன மாதம் எங்கள் நாய் மணி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்த எலி மருந்து கேக்கைத் தின்றுவிட்டான், வாயோரம் நீலத்தூள், ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். அதை நம்பிவிடக் கூடாது. அந்தக் கேக்கில் இருந்த புரோமாடியோலோன் வகை மருந்து ரத்தம் உறைவதைத் தடுப்பது. 3, 4 நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து மூக்கில் ரத்தம் வரும். உடனே கொண்டுபோனதால் டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், அப்புறம் வைட்டமின் கே1 மாத்திரை 4 வாரம்.

உப்புக்கரைசல், பால் என்று வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள். கறுப்புப் பொடியாக வரும் இன்னொரு எலி மருந்தான ஜிங்க் பாஸ்பைடு என்றால் சோறுகூடக் கூடாது, சோறு போனால் சுரக்கும் வயிற்று அமிலம் பட்டு விஷவாயு கிளம்பும். எதைத் தின்றது என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம், அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயரே இல்லாமல் பொட்டலம் கட்டி விற்பதை அதிகாரிகள் தடுக்க வேண்டும்.